300 கெல்வின்லயும் லூப் வருது, இது 2டி காந்தமா?

கேள்வி, பிப்ரவரி 3, மாலை

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பண்றேன். மாலிப்டினம் டைசல்ஃபைடு பவுடரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல போட்டு சோனிகேட் பண்ணி ஷீட்டா பிரிச்சேன். காயவச்சு, காந்தமாதலை அளக்கிற வி.எஸ்.எம்.-க்குக் கொடுத்தேன். 300 கெல்வின்ல, அதாவது அறை வெப்பத்துல, புலத்தை ஏத்தி இறக்கினா அழகா எஸ் வடிவ லூப். டயாமேக்னட்டிக் (புலத்துக்கு எதிரா லேசா காந்தமாகிற) சரிவைக் கழிச்சதுக்கு அப்புறம் சாச்சுரேஷன் (எட்டுற உச்சக் காந்தமாதல்) கிராமுக்கு 0.002 ஈ.எம்.யூ., கோயர்சிவ் ஃபீல்டு (காந்தமாதலைப் பூஜ்யமாக்கத் தேவையான எதிர்ப்புலம்) 150 ஓர்ஸ்டெட் பக்கம். 10 கெல்வினுக்கு இறக்கினாலும் சாச்சுரேஷன் கிட்டத்தட்ட அதேதான். பிரிக்காத பவுடர் டயாமேக்னட்னு புத்தகத்துல இருக்கு. லேயர் குறைஞ்சதால 2டி ஃபெரோமேக்னட், அதாவது ஒன்றிரண்டு அடுக்குலேயே இரும்பு மாதிரி தானா நிக்கிற காந்தம், ஆயிடுச்சுன்னு எழுதலாமா? கைடு பேப்பர் போடலாம்கிறார்.

பிப்ரவரி 3, இரவு

பேப்பர் ஒரு பக்கம் இருக்கட்டும். முதல்ல ஒரு வகுத்தல் கணக்கு. சுத்த இரும்பு அறை வெப்பத்துல கிராமுக்கு 218 ஈ.எம்.யூ. உங்க 0.002-ஐ அதால வகுங்க. ஒன்பது பிபிஎம் வரும். பவுடர்ல பத்து லட்சத்துக்கு ஒன்பது பங்கு இரும்பு ஒட்டியிருந்தாலே உங்க லூப் முழுசும் அதுலேருந்தே வந்துடும். டப்பாவுல என்ன போட்டிருக்கு? 99.9 சதவீதமா? அப்ப பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு அழுக்குக்கு விற்றவரே இடம் விட்டிருக்கார். அதுல ஒன்பது பங்கு இரும்பா இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்தது, 10 கெல்வினுக்கும் 300-க்கும் சாச்சுரேஷன் மாறலைங்கிறீங்க. நீங்க அதை நல்ல செய்தியா சொல்றீங்க, எனக்கு அதுதான் முதல் சந்தேகம். கியூரி வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை போயிடுற வெப்பநிலை, 300-க்கு எங்கேயோ மேல இருக்கிற பொருள்தான் அப்படி நடந்துக்கும். இரும்புக்கு 1043 கெல்வின். மேக்னடைட்ங்கிற இரும்பு ஆக்சைடுக்கு 850-ஐத் தாண்டும். ஒன்றிரண்டு அடுக்கு தடிமன் இருக்கிற ஷீட்ல இதுவரை உறுதியா பார்த்த காந்தங்கள் பெரும்பாலும் குளிரவைக்கத் திரவ நைட்ரஜன் தேடுற ஜாதி, இல்லைன்னா ஹீலியம்.

பிப்ரவரி 4, காலை

மேல கேட்க விட்டுப்போச்சு: மேக்னட்டிக் ஸ்டிரர் போட்டீங்களா? அந்த வெள்ளை டெஃப்லான் உருளை பழசாகி கீறல் விழுந்திருந்தா அதுல என்னென்ன ஒட்டியிருக்கும்னு யாருக்கும் தெரியாது. ஸ்பேச்சுலா எது? எஸ்.எஸ். 304 காந்தத்துல ஒட்டாதுன்னு சொல்லாதீங்க. அதை வளைச்சு, நெளிச்சு, தேய்ச்ச இடத்துல அமைப்பு மாறி லேசா ஒட்ட ஆரம்பிக்கும். உங்க லேப் ஸ்பேச்சுலா நுனியை ஒரு நியோடிமியம் காந்தத்துக்கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க.

பிப்ரவரி 4, இரவு

"இவ்வளவு சந்தேகப்படணுமா, பெரிய பெரிய ஆட்களே இப்படிப் பேப்பர் போட்டிருக்காங்களே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அவங்க போட்டதும் உண்மை, அதுக்கப்புறம் நடந்ததும் உண்மை.

ஹாஃப்னியம் டை ஆக்சைடு ஃபிலிம். 2004-ல நேச்சர்ல அதுல எதிர்பாராத காந்தத்தன்மைன்னு வந்துச்சு. ஹாஃப்னியமும் சரி, ஆக்ஸிஜனும் சரி, காந்தமாகிற கூட்டமே இல்லை. அடுத்த வருஷமே இன்னொரு குழு, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ட்வீசரால பிடிச்ச ஃபிலிம்ல அதே மாதிரி சிக்னல் வருது, அப்படிப் பிடிக்காததுல இல்லைன்னு காட்டிட்டாங்க. ட்வீசர் தொட்ட இடம்தான் காந்தம்.

கார்பன் கதை இன்னும் காரமானது. ஃபுல்லரீனை, அதாவது பந்து வடிவக் கார்பன் மூலக்கூறை, அழுத்தி அடுக்கா இணைச்ச பாலிமர், 500 கெல்வின் வரைக்கும் ஃபெரோமேக்னட்னு 2001-ல நேச்சர்ல வந்துச்சு. 2006-ல அதைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. இரும்பு கார்பைடோட, அதாவது சிமென்டைட்டோட கியூரி வெப்பநிலை ஏறக்குறைய 480 கெல்வின். ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

கிராஃபைட்டையும் சொல்லிடறேன். மான்செஸ்டர்ல 2012-ல ஒரு குழு, கடையில வாங்குற உயர்தர பைரோலிட்டிக் கிராஃபைட்லயே மைக்ரான் அளவு இரும்புத் துணுக்குகள் உட்கார்ந்திருக்கு, அதோட ஃபெரோமேக்னட்டிசம் அதனாலதான்னு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில காட்டினாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கிராஃபீன்லயே (கிராஃபைட்டோட ஒற்றை அடுக்கு) தேடி, 2 கெல்வின் வரைக்கும் ஃபெரோமேக்னட்டிசம் கிடையாதுன்னு எழுதியிருந்தாங்க. குறைபாடு உண்டாக்கினா பாராமேக்னட்டிசம் (புலம் இருக்கிற வரைக்கும் மட்டும் லேசான காந்தம்) வருது. அது வேற சமாச்சாரம்.

பிப்ரவரி 6

எம்.டெக். படிக்கிறவர் ஒருத்தர் கேட்கிறார்: "வி.எஸ்.எம்.-ஐ விட ஸ்குவிட் (சூப்பர்கண்டக்டர் வச்சு அளக்கிற நுண்ணிய காந்தமானி) நல்லது இல்லையா? 10⁻⁸ ஈ.எம்.யூ. வரைக்கும் பிடிக்குமே?"

பிடிக்கும். சிக்கலே அதுதான். ஸ்குவிட் எடை மேடை மாதிரி. லாரியை ஏத்தினா சரக்கோட டிரைவரையும் கிளீனரையும் சேர்த்துத்தான் நம்பர் சொல்லும். யாருடைய எடைன்னு அதுக்குத் தெரியாது.

நம்பரா போடறேன், காகிதத்துல நீங்களும் போட்டுப் பாருங்க. 5 மி.மீ.க்கு 5 மி.மீ. சப்ஸ்ட்ரேட். மேல முழுக்க ஒரே அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு. சதுர செ.மீ.க்கு 1.16 × 10¹⁵ மாலிப்டினம் அணு. ஒவ்வொரு அணுவும் ஒரு போர் மேக்னடான் (ஒரு எலெக்ட்ரானோட காந்த அளவு) கொடுக்குதுன்னு தாராளமா வச்சுக்குவோம். மொத்தம் 2.7 × 10⁻⁶ ஈ.எம்.யூ. வரும்.

இப்ப 10 மைக்ரான் விட்டமுள்ள ஒரு இரும்பு உருண்டை. கண்ணுக்குத் தெரியாத தூசி. அது தனியா 9 × 10⁻⁷ கொடுக்கும். மூணு தூசி சேர்ந்தா உங்க முழு அடுக்குக்குச் சமம்.

அடியில இருக்கிற சிலிக்கான், அரை மி.மீ. தடிமன், 29 மில்லிகிராம். டயாமேக்னட். ஒரு டெஸ்லாவுல எதிர்ப்பக்கமா 3.5 × 10⁻⁵. தேடுற சிக்னலைப் போல பதிமூணு மடங்கு. அதைக் கழிக்கும்போது ஒரு நூல் பிசகினாலும் மிச்சத்துல எஸ் வடிவம் தானா முளைக்கும்.

டேப் வச்சு உரிச்ச ஒற்றை அடுக்குன்னா 10 மைக்ரானுக்கு 10 மைக்ரான் கிடைச்சாலே அதிர்ஷ்டம். அதுல மொத்தம் 10⁻¹¹ தான். ஸ்குவிட் எல்லைக்கு ஆயிரம் மடங்கு கீழ. அதனாலதான் 2017-ல குரோமியம் ட்ரை அயோடைடு ஒற்றை அடுக்கு ஃபெரோமேக்னட்னு சொன்னப்ப, வாஷிங்டன் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் ஒளியைக் கையில எடுத்தாங்க. லேசரை அந்தத் துண்டு மேலேயே குவிச்சு, திரும்பி வர்ற ஒளியோட தளம் எவ்வளவு சுழலுதுன்னு பார்க்கிற கெர் அளவீடு. கியூரி வெப்பநிலை 45 கெல்வின். மொத்தப் படிகத்துக்கு 61. பக்கத்துல இரும்புத் தூசி கிடந்தாலும் ஒளி அங்கே போகல, பிரச்சினை தீர்ந்துச்சு.

பிப்ரவரி 7

"2டி காந்தம் சாத்தியமே இல்லைன்னு மெர்மின், வாக்னர் நிரூபிச்சாச்சு, அப்புறம் என்ன குரோமியம் அயோடைடு?" இதை வருஷத்துக்கு ஒருத்தர் கேட்பார், இந்த வருஷத்துக்கு இவர்.

1966-ல அவங்க நிரூபிச்சது ஹைசன்பர்க் மாடலுக்கு: ஸ்பின், அதாவது எலெக்ட்ரானோட குட்டிக் காந்த முள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆற்றல் ஒண்ணுதான், இடைவினையும் குறுகிய தூரம்தான்னு எடுத்துக்கிட்டா, பூஜ்யத்துக்கு மேல எந்த வெப்பநிலையிலும் இரு பரிமாணத்துல ஒழுங்கு நிக்காது. நீண்ட அலைகளை உண்டாக்க ஆற்றலே செலவாகாது, அதுங்க எல்லாத்தையும் கலைச்சுடும். ஆனா ஸ்பின் தளத்துக்குச் செங்குத்தா நிக்கத்தான் விரும்பும்னு ஒரு சின்ன விருப்பம் இருந்தா போதும். அந்த அலைகளுக்கு ஒரு குறைந்தபட்ச விலை வந்துடும், ஒழுங்கு தப்பிச்சுக்கும். குரோமியம் அயோடைடுல அந்த விருப்பம் பலமா இருக்கு. அதே 2017-ல பெர்க்லி குழு காட்டின குரோமியம் ஜெர்மானியம் டெல்லூரைடுல அது ரொம்பக் குறைவு. அதனால 0.075 டெஸ்லா வெளிப்புலம் வச்சாங்க. ரெண்டு அடுக்குல 30 கெல்வின் பக்கம் கிடைச்சுது.

ஸ்பின் மேல, கீழன்னு ரெண்டே பக்கம் நிக்கிற ஐசிங் மாடலுக்கு 1944-லேயே ஆன்சாகர் விடை எழுதிட்டார். அதுல இரு பரிமாணத்துல ஒழுங்கு உண்டு. இனிமே இதைக் கேட்கிறவங்களுக்கு இந்தக் குறிப்புதான் பதில்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "பவுடரை பெல்லட்டா அழுத்தி ஹால் எடுத்தா சொல்லிடலாமா?"ன்னார்.

ஹால்னா மின்னோட்டத்துக்குக் குறுக்கே, காந்தப்புலத்தால வர்ற மின்னழுத்தம். திசை சரி, பெல்லட் தப்பு. மின்னோட்டத்துல எனக்கு நம்பிக்கை வர்றதுக்குக் காரணம், அது ஓடுற பாதையில இருக்கிறதை மட்டும்தான் சொல்லும். ஓரத்துல ஒட்டின தூசி வழியா மின்னோட்டம் போகாது. ஒரு ஃபெரோமேக்னட் உலோகத்துல ஹால் மின்னழுத்தம் ரெண்டு பகுதியா வரும். வெளிப்புலத்தோட நேர்கோட்டுல ஏறுறது ஒண்ணு. பொருளோட சொந்தக் காந்தமாதலைப் பின்தொடர்ற அனாமலஸ் பகுதி இன்னொண்ணு. இரும்பு ஜெர்மானியம் டெல்லூரைடு மெல்லிய துண்டுல ரெண்டாவது பகுதி சதுரப் பெட்டி மாதிரி லூப் போடும். பார்த்தா மறக்காது.

பெல்லட்ல என்ன ஆகும்? துகளுக்குத் துகள் தொடற இடம்தான் தடை முழுசும். அடுக்குக்குள்ள ஓடுற மின்னோட்டமும் அடுக்கைத் தாண்டுற மின்னோட்டமும் கலந்துடும். கிராஃபைட்லயே ரெண்டுக்கும் ஆயிரக்கணக்கு மடங்கு வித்தியாசம். நீங்க அளக்கிறது மாலிப்டினம் டைசல்ஃபைடை இல்லை, உங்க ஹைட்ராலிக் பிரஸ்ஸை.

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழிச்சு

இன்னொண்ணு. மேல எழுதினதைப் படிச்சுட்டு "ஹால் வளைஞ்சா காந்தம்"னு யாரும் கிளம்ப வேண்டாம். எலெக்ட்ரானும் ஹோலும் (எலெக்ட்ரான் இல்லாத காலியிடம், ப்ளஸ் மின்னூட்டம் மாதிரி ஓடும்) சேர்ந்து ஓடுற பொருள்ல சாதாரண ஹாலே வளையும். காந்தமே தேவையில்லை. கோடு வளையறதைப் பார்க்காதீங்க, போற பாதையும் வர்ற பாதையும் பிரியுதா பாருங்க. புலம் பூஜ்யம் ஆனப்புறமும் மின்னழுத்தம் மிச்சம் நிக்கணும். புலத்தைத் திருப்பினா அந்த மிச்சமும் குறி மாறணும்.

காந்தத்தடை, அதாவது புலம் வச்சா மின்தடை மாறுற அளவு, பெருசா இருந்தா காந்தம்கிற நம்பிக்கையும் உலாவுது. டங்ஸ்டன் டைடெல்லூரைடு எடுத்துக்கோங்க, அடுக்குப் பொருள்தான், காந்தம் இல்லை. 2014-ல நேச்சர்ல வந்த நம்பர்: 4.5 கெல்வின், 14.7 டெஸ்லாவுல 4,52,700 சதவீதம். எலெக்ட்ரானும் ஹோலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில இருக்கிறதை வச்சு விளக்கினாங்க. இதுக்குப் பக்கத்துல குரோமியம் அயோடைடு நாலு அடுக்கு சுரங்கச் சந்தியோட (எலெக்ட்ரான் மின்கடத்தாப் பொருளை ஊடுருவிப் போற அமைப்பு) 19,000 சதவீதம் சின்னதாத் தெரியும். ஆனா இதுதான் காந்தத்தோட வேலை: ஒவ்வொரு அடுக்கும் ஒரு பக்க ஸ்பின்னை மட்டும் உள்ளே விடுது, அடுத்தடுத்த அடுக்கு எதிரெதிரா நின்னா ரெண்டு வகை ஸ்பின்னுக்கும் வழி அடைபட்டுடுது. அந்தப் பொருள் மின்கடத்தாப் பொருள். அதனால கிடைமட்டமா ஓட்டாம, மேலயும் கீழயும் கிராஃபீன் வச்சு குறுக்கே ஓட்டினாங்க.

மாலிப்டினம் டைசல்ஃபைடுக்கே ஒரு பாடம் இருக்கு. 2011-ல லோசான்ல ஒற்றை அடுக்கு ட்ரான்சிஸ்டர் பண்ணி மொபிலிட்டி, அதாவது எலெக்ட்ரான் எவ்வளவு லேசா நகருதுங்கிற அளவு, 200-ன்னு அறிவிச்சாங்க. 2013-ல ஃபூரர், ஹோன் ரெண்டு பேரும், மேல் கேட்டும் அடி கேட்டும் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துற மின்முனைகள்) மின்தேக்கி மாதிரி இணைஞ்சு கிடக்கு, அதைக் கணக்குல சேர்க்காததால மொபிலிட்டி பெருசாத் தெரியுதுன்னு எழுதினாங்க. சுத்தமான பொருள், நல்ல கருவி, தேர்ந்த கைகள். அப்பவும் மின்சுற்றைச் சரியா வரையலைன்னா நம்பர் பலமடங்கு ஊதும்.

பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் செஞ்சு பார்த்துட்டு எழுதியிருக்கார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கழுவினாராம், சிக்னல் பாதிக்குக் கீழ இறங்கிடுச்சாம், ஆனா முழுசா போகலையாம். "அப்ப மிச்சம் இருக்கிறது நிஜம்தானே?"

அவ்வளவு சீக்கிரமா? மாலிப்டினம் டைசல்ஃபைடு அந்த அமிலத்துக்கு அசையாது. அப்ப கரைஞ்சு போன பாதி மாலிப்டினம் டைசல்ஃபைடு இல்லைன்னு மட்டும் உறுதியாச்சு. மிச்சப் பாதி அமிலம் எட்டாத இடத்துல, அடுக்குகளுக்கு நடுவுல மாட்டின துகளா இருக்கலாம். தாதுலேருந்து எடுத்த மாலிப்டினைட்னா இரும்பு வீட்டோட வந்த சீதனம்.

அடுத்தது இதைப் பண்ணுங்க. புலம் இல்லாம குளிரவச்சு ஒருமுறை, புலத்தோட குளிரவச்சு ஒருமுறை, 100 முதல் 140 கெல்வின் வரைக்கும் ஒவ்வொரு கெல்வினா ஏத்தி காந்தமாதலைப் பாருங்க. 120 பக்கத்துல ஒரு முறிவு தெரிஞ்சா அது வெர்வே மாற்றம். மேக்னடைட் போட்ட கையெழுத்து அது. தெரியலைன்னா மேக்னடைட் இல்லைன்னு அர்த்தமில்லை. துகள் ரொம்பப் பொடியா இருந்தாலும், கொஞ்சம் ஆக்ஸிஜன் கூடியிருந்தாலும் அந்த முறிவு மங்கிடும். கூடவே, எந்தத் தனிமம் எவ்வளவுன்னு அளக்கிற ஐ.சி.பி.-எம்.எஸ்.-க்கு ஒரு துளி அனுப்புங்க. சோனிகேட் பண்ணாத பவுடரையும் சேர்த்து அனுப்புங்க, அதை ஏன் எல்லாரும் மறக்கிறாங்கன்னே புரியலை.

பிப்ரவரி 13

நான் முன்னாடி ஒரு பொது அளவீட்டுக் கூடத்துல ஸ்குவிட் ஓட்டிக்கிட்டிருந்தேன். வெளியூர்லேருந்து சாம்பிள் வரும். சினிமா பட்ஜெட் மாதிரி பேக்கிங், உள்ள இருக்கிறது வெறும் அரை மில்லிகிராம். அங்க கத்துக்கிட்டதைக் கொட்டிடறேன்.

சாம்பிளைப் பிடிக்கிறது ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவுல. நிஜமாத்தான். நீளமா, ஒரே சீரா இருக்கிறதால அதோட சொந்த டயாமேக்னட்டிக் சிக்னல் காயிலுக்குத் தெரியாது. 2019-ல தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடை வந்தப்ப டீக்கடைக்காரரை விட நாங்கதான் கலங்கினோம். பாக்கெட்டை லாக்கர்ல வச்சுப் பூட்டினோம்.

காப்டன் டேப்பை எஃகுக் கத்திரிக்கோலால வெட்டாதீங்க, வெட்டின விளிம்பே ஒரு லூப் போடும். ட்வீசர் பிளாஸ்டிக் இல்லைன்னா டைட்டானியம். சிலிக்கான் துண்டு உடைச்ச ஓரத்தை அமிலத்துல முக்கி எடுங்க.

50 கெல்வின் பக்கம் ஒரு மேடு வந்தா சாம்பிள் அறையில காத்து கசிஞ்சிருக்கு. உறைஞ்ச ஆக்ஸிஜன் அது. அதை வச்சு "புதிய ஆன்ட்டிஃபெரோமேக்னட்டிக் (பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிரா நிக்கிற) மாற்றம்"னு முழு அத்தியாயமே எழுதி வந்த ஒருத்தர்கிட்ட, பர்ஜ் பண்ணி, அதாவது அறையில இருக்கிற காத்தை வெளியேத்திட்டு, இன்னொருமுறை ஓட்டலாமான்னு கேட்டேன். மேடு காணோம். அவர் அன்னிக்கு மதியம் சாப்பிடாம போயிட்டார்.

இன்னொரு குழி: 5 டெஸ்லாவுக்கு ஏத்தி இறக்கினா சூப்பர்கண்டக்டிங் காந்தத்துக்குள்ளேயே பத்து இருபது ஓர்ஸ்டெட் தேங்கும். திரை பூஜ்யம்னு காட்டும். உள்ள பூஜ்யம் இல்லை. வெறும் பாராமேக்னட்டும் சின்ன லூப் போடும், சில சமயம் லூப் தலைகீழாவே வரும். தலைகீழ் லூப்புக்குப் புது இயற்பியல் தேடாதீங்க.

பிப்ரவரி 16

இதுவரைக்கும் எழுதினதைப் படிச்சா நான் ஒரு கட்சி மாதிரி தெரியறேன்: இரும்பு, குரோமியம் மாதிரி காந்த அணு இல்லைன்னா காந்தம் இல்லைன்னு. அது என் நிலைப்பாடு இல்லை, அப்படி நினைக்கறவங்களுக்கு எதிர் உதாரணமும் இருக்கு.

ரெண்டு கிராஃபீன் ஷீட்டை 1.1 டிகிரி திருகி வச்சா எலெக்ட்ரான்களோட வேகம் கிட்டத்தட்ட நின்னுடுது, ஒண்ணோடொண்ணு மோதுறதுதான் முக்கியமாயிடுது. 2018-ல அதுல சூப்பர்கண்டக்டிவிட்டி வந்ததை எல்லாரும் படிச்சிருப்பீங்க. அடுத்த வருஷம் ஸ்டான்ஃபோர்டுல அதே குடும்பத்து சாம்பிள்ல ஹால் தடையில லூப் பார்த்தாங்க. சான்டா பார்பராவுல அது 1.6 கெல்வின்ல வெளிப்புலமே இல்லாம 25.8 கிலோஓம்ல போய் உட்கார்ந்துச்சு. பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரான் மின்னூட்டத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற நம்பர் அது. அங்க இருக்கிறது கார்பனும் போரான் நைட்ரைடும். ஒரு இரும்பு அணு கிடையாது. காந்தமாகிறது ஸ்பின் இல்லை, எலெக்ட்ரான்களோட சுற்றோட்டம். 2023-ல திருகின மாலிப்டினம் டைடெல்லூரைடுல அந்த நம்பரோட பின்ன மடங்கே வந்தாச்சு.

கவனிங்க, இதையெல்லாம் யாரும் வி.எஸ்.எம்.-ல கண்டுபிடிக்கலை. அத்தனையும் மின்னோட்டமும் ஒளியும் காட்டினது. எந்த இரும்புத் தூசியும் 25.8 கிலோஓம்ல தட்டையா நிக்காது. என் எதிர்ப்பு "காந்தம்"ங்கிற முடிவு மேல இல்லை, கிராமுக்கு 0.002-ங்கிற சாட்சி மேல.

பிப்ரவரி 20

வனேடியம் டைசெலினைடு பற்றிக் கேட்டிருக்கீங்க. ஒற்றை அடுக்குல அறை வெப்பத்துலேயே பலமான ஃபெரோமேக்னட்னு 2018-ல நேச்சர் நானோடெக்னாலஜியில வந்தது, மாயமில்லை. ஆனா அதே காலத்துல ஃபோட்டோஎமிஷன்ல (ஒளியால எலெக்ட்ரானை வெளியேத்தி அளக்கிற முறை) எலெக்ட்ரானோட ஆற்றல் பட்டைகளைப் பார்த்தவங்களுக்கு ஸ்பின் மேல, ஸ்பின் கீழன்னு பட்டை ரெண்டாப் பிரிஞ்சது தெரியலை. எக்ஸ்ரே டைக்ரோயிசம், அதாவது வனேடியம் அணுவை மட்டும் தனியா கேட்கிற முறை, அதுலயும் ஃபெரோமேக்னட் ஒழுங்கு அகப்படலை. பதிலுக்கு மின்னூட்ட அடர்த்தி அலைதான் (எலெக்ட்ரான்கள் அலை மாதிரி கூடிக் குறைஞ்சு நிக்கிறது) பலமா இருந்துச்சு. குறைபாடுகள் காந்தத்தைக் கொண்டுவரலாம்னும் ஒரு வழக்கு ஓடுது. நான் இதைக் கிடப்புல போட்டிருக்கேன், தீர்ப்பு எழுதலை.

பிப்ரவரி 22

இலங்கையிலேருந்து ஒரு நண்பர்: "எங்கட போகல, கஹட்டகஹ எண்ட ரெண்டு சுரங்கத்துக் காரீயம் (கிராஃபைட்) உலகத்திலயே சுத்தமானது எண்டு சொல்லுவினம். அதை வைச்சுச் செய்யலாமோ?"

சுத்தம்தான், பாறைக்குள்ள நரம்பு மாதிரி ஓடுற அந்த வகை கிராஃபைட் வேற எங்கேயும் வணிக அளவுல கிடைக்கிறதில்லை. ஆனா அதுகூட பைரைட் வரும். பைரைட் இரும்பு சல்ஃபைடு, அப்படியே இருந்தா ஃபெரோமேக்னட் இல்லை. சுத்தம் பண்றேன்னு ஃபர்னஸ்ல போட்டுச் சூடாக்கினீங்கன்னா பைரோட்டைட் ஆகும், காத்து இருந்தா மேக்னடைட் ஆகும். ரெண்டும் காந்தம். "அனீல் பண்ணினதும் காந்தத்தன்மை கூடுது"ன்னு ஒரு கிராஃப் கைக்கு வரும், ரொம்ப அழகா இருக்கும்.

கிராஃபைட்ல நம்பிப் பார்க்க வேண்டிய காந்தத்தன்மை வேற. அதை நம்ம வத்திராயிருப்புல பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் கல்கத்தாவுல அளந்தார். படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில கட்டித் தொங்கவிட்டு, காந்தப்புலத்துல வச்சு, மேல் நுனியைத் திருகிக்கிட்டே போவார். ஒரு கட்டத்துல படிகம் சட்டுனு புரண்டுடும். அந்தத் திருகு கோணத்துலேருந்து ரெண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் வந்துடும். அடுக்குகளுக்குச் செங்குத்தா கிராமுக்கு மைனஸ் 21.5 × 10⁻⁶, அடுக்குத் தளத்துலேயே மைனஸ் 0.5 × 10⁻⁶. நாற்பது மடங்குக்கு மேல. கங்குலியோட சேர்ந்து 1941-ல ராயல் சொசைட்டியில எழுதினப்ப, அடுக்குக்குள்ள சுதந்திரமா ஓடுற எலெக்ட்ரான்தான் இதுக்குக் காரணம்னு வாதிட்டார். வாலஸ் கிராஃபைட்டோட பட்டை அமைப்பைக் கணக்குப் போட்டது 1947-ல. மின்னோட்டத்தையும் காந்தத்தையும் ஒரே அடுக்குக்குள்ள சேர்த்துப் பார்க்கிற வேலை அப்பவே தொடங்கியாச்சு, கையில இருந்தது ஒரு இழை, ஒரு படிகம், ஒரு மின்காந்தம். ஸ்குவிட் அப்ப கிடையாது, அதனால இரும்புத் தூசி பேப்பரும் கம்மி.

மார்ச் 1

"தடிமன் மாத்திப் பாருங்க, காந்தம் மாறினா நிஜம்"னு ஒருத்தர் எனக்குப் பதிலா மத்தவங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கார். பாதி சரி. குரோமியம் அயோடைடுலேயே தடிமன் குழப்பினதைச் சொல்லணும்.

மொத்தப் படிகம் ஃபெரோமேக்னட், எல்லா அடுக்கும் ஒரே பக்கம். ஒற்றை அடுக்கும் அப்படியே. ரெண்டு அடுக்கு எடுத்தா எதிரெதிரா நின்னு மொத்தம் பூஜ்யம். 0.65 டெஸ்லா கொடுத்தாதான் ரெண்டும் ஒரே பக்கம் திரும்பும். மூணு அடுக்குல திரும்ப மிச்சம் வரும். தடிமன் கூடினா மொத்தப் படிகம் மாதிரி ஆகணுமே, ஏன் ஆகலை? அடுக்கு எப்படி உட்கார்ந்திருக்குங்கிறதுல விடை இருக்கு. மொத்தப் படிகம் 200 கெல்வினைச் சுத்தி குளிரும்போது ஒரு அடுக்கு அமைப்புலேருந்து இன்னொண்ணுக்கு வழுக்கும். உரிச்ச மெல்லிய துண்டு வழுக்காம பழைய அமைப்புலேயே நின்னுடுது. அந்த அமைப்புல அடுத்தடுத்த அடுக்கு எதிரிகள். 2019-ல அழுத்தம் கொடுத்து வழுக்கவச்சுப் பார்த்தாங்க, நண்பர்கள் ஆயிட்டாங்க. ஆக அடுக்கு எண்ணிக்கையை மட்டும் எழுதி, அடுக்கு அமைப்பை எழுதாத கிராஃபை நான் முழுசா நம்பறதில்லை.

மார்ச் 5

கல்லூரி ஆசிரியர் ஒருத்தர் கேட்கிறார்: ஹீலியத்துக்குக் காசில்லை, திரவ நைட்ரஜன் கேன் வரும், ஒரு டெஸ்லா மின்காந்தம் இருக்கு. அடுக்குக் காந்தத்துல பசங்க கையால ஒரு உண்மையான அளவீடு பண்ணணும். எதை வாங்கறது?

குரோமியம் அயோடைடு வேண்டாம். காத்துல வச்சா கண் முன்னால கரையும், 77 கெல்வின்ல காந்தமும் இல்லை. இரும்பு ஜெர்மானியம் டெல்லூரைடு வாங்குங்க. மொத்தப் படிகத்துக்குக் கியூரி வெப்பநிலை 220 கெல்வின் பக்கம், உலோகம், தடிமன் துண்டுன்னா 77-ல தாராளமா காந்தம். ஒற்றை அடுக்குக்கு ஆசைப்படாதீங்க, 130-க்கு இறங்கும், காத்தும் அரிக்கும். நூறு நானோமீட்டர் துண்டு போதும். அதுல அனாமலஸ் ஹால் தடை ஒரு ஓம் அளவுக்கு வரும்னு எதிர்பாருங்க. 100 மைக்ரோஆம்பியர் ஓட்டினா 100 மைக்ரோவோல்ட், ஒரு லாக்-இன் (சின்ன சிக்னலை இரைச்சல்லேருந்து பிரிக்கிற கருவி) இருந்தா சுகமா படிக்கலாம். காசு கூட இருந்தா இரும்பு கேலியம் டெல்லூரைடு: 2022-ல வூஹான் குழு சொன்னபடி 350 கெல்வினுக்கு மேல நிக்குது, நைட்ரஜனே வேண்டாம்.

காத்துக்குப் பயமா இருந்தா குரோமியம் சல்ஃபைடு புரோமைடு. 132 கெல்வின் வரைக்கும் ஆன்ட்டிஃபெரோமேக்னட், வெளியில வச்சாலும் தாங்கும், குறைக்கடத்தி. காந்தப்புலம் கொடுத்தா தடை குறையறதைப் பசங்க பார்க்கலாம். லூப் எதிர்பார்க்காதீங்க.

நாலு கம்பி வைங்க, ரெண்டு கம்பியில தொடுப்புத் தடைதான் தெரியும். ஹால் கம்பிகள் நேருக்கு நேர் சரியா அமையாது, அதனால தடையும் கொஞ்சம் கலந்து வரும். ப்ளஸ் புலத்துல ஒண்ணு, மைனஸ்ல ஒண்ணு எடுத்துக் கழிச்சு ரெண்டால வகுங்க. லூப்னா ஏறுற பாதையை எதிர்க்குறியோட இறங்குற பாதையோட ஜோடி சேர்த்துக் கழிக்கணும், அதே பாதையோட கழிச்சா லூப் காணாம போயிடும். துண்டைப் பிடிக்கிற ட்வீசர் எதுன்னு நோட்டுல எழுதச் சொல்லுங்க.